கிழக்கே கடல்

உதுமாலெவ்வை கொண்டுவந்தது
ஒரு மெமரி கார்ட்.
படம் எடுத்த போன் கடலுக்குள்.
வாடி கடலுக்குள். வாடி நின்ற காணியும்.
ஒலுவில் கரையை அலை அறுத்த வருடங்களில்
ஒவ்வொன்றாய்ப் போனவை.

"எவ்வளவு காணி எண்டு கணக்குப் பண்ணித் தாங்க டீச்சர்.
உறுதியில கிழக்கே கடல் எண்டு மட்டும்தான் இரிக்கி.
இப்ப நாலு பக்கமும் அதுதான்."

அறுபத்து மூன்று படங்கள்.
வில்லை எது, குவியத்தூரம் என்ன,
படத்தின் நடு உண்மையில் எங்கே?
கேட்க ஆளில்லை.
ஆய்வுகூடம் என்றால்
கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையை நீட்டி
நீ யார் என்று கமெராவிடமே கேட்டிருப்பேன்.
இங்கே கட்டம் இருந்தது
கொடியில் கிடந்த மருதமுனைச் சாரம் ஒன்றில்.
காற்று அதைத் தட்டையாய் இருக்க விடவில்லை.

எனவே காட்சியை விட்டுவிட்டு
கண்ணை விசாரிக்கத் தொடங்கினேன்.

முடிவிலியில் ஒரு வட்டம் உண்டு.
மெய்யான புள்ளி ஒன்றுகூட அதில் கிடையாது.
நீ எங்கு நடந்தாலும், எப்படிச் சரிந்தாலும்
ஒரே கமெராவுக்குள்
அதன் சாயல் ஒரே இடத்தில், ஒரே வடிவில் விழும்.
அந்தச் சாயலைப் பிடித்தால்
வில்லை பிடிபடும்.
யாரும் காணாத ஒன்று அசையாதிருப்பதை நம்பி
காண்கிற எல்லாவற்றையும் அளப்பது.

இதை உதுமாலெவ்வைக்குச் சொன்னேன்.
"கிப்லா மாதிரியா?"
இல்லை என்றேன்.
வீட்டுக்குப் போகும் வழியில்
அவ்வளவு உறுதியாய்ச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

முதல் நாற்பது படங்கள் அவர் எடுத்தவை.
தொடுவானம் மட்டமாக, கை நடுங்காமல்,
கரையோரம் நேரே நடந்தபடி.
அழகான படங்கள்.
சமன்பாட்டில் போட்டால்
பூச்சியம் சமன் பூச்சியம்.
திரும்பாமலே நகர்கிற கண்
தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மிச்சம் இருபத்து மூன்றும்
போனைப் பறித்துக்கொண்டு ஓடிய ஹஸ்லானுடையவை.
அப்போது வயது ஏழு.
கடல் சுவர்போல நிற்கும், கிடுகுக்கூரை கீழே தொங்கும்,
ஒன்றில் பாதி அவனது பெருவிரல்.
அழித்திருக்க வேண்டியவை; அழிக்க மறந்தவை.
அவற்றைப் போட்டதும்
இரவு பதினொன்றரைக்கு
எண்கள் சுற்றுவதை நிறுத்தி ஓரிடத்தில் குந்தின.
குவியத்தூரம் மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு பிக்சல்.
கோணியிருந்த மூலைகள் செங்கோணமாயின.
வாடி எழுந்து நின்றது, திரையில்,
நான்கு கம்பமும் வேலியுமாய்.

ஆனால் எந்த அளவு?
தீப்பெட்டி அளவாயும் இருக்கலாம்,
கல்முனைச் சந்தை அளவாயும் இருக்கலாம்.
படங்கள் வடிவத்தைத் தரும், நீளத்தைத் தராது.
எத்தனை படம் சேர்த்தாலும் தராது.
ஒரு நீளத்தை
வெளியே இருந்து யாராவது கையில் கொண்டுவர வேண்டும்.

ஐம்பத்தோராம் படம் முதல் ஐம்பத்து நான்கு வரை:
சரிந்த கடலின் முன்னால் அவர்,
கயிற்றைப் பாகம் போட்டு அளக்கையில்
இரண்டு கையும் முழுதாய் விரிந்தபடி.
நான்கு படத்திலும் அதே நிலை.
"அசையாதீங்க வாப்பா" என்றானாம்.
அசையவில்லை.

"இப்பவும் அதே கைதான்."
மேசைகளுக்கு நடுவே நின்று விரித்தார்.
நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.
டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த ஹஸ்லானுக்குப் பதினான்கு வயது,
பார்வை முழுக்க வெளியே யாரோ நிறுத்திய மோட்டார் சைக்கிளில்.

பதினொரு பேர்ச்.
கூடக்குறைய அரை பேர்ச்.

பிரதேச செயலகத்தில் தாளைப் புரட்டிய உத்தியோகத்தர்
கேட்டது ஒன்றே ஒன்று:
"அளவுக்கு ஆதாரம்?"
பேனையை வாங்கி எழுதினேன்:
உரிமையாளரின் பாகம் ஒன்று.
அவர் சிரிக்கவில்லை. முத்திரையும் குத்தவில்லை.
கோப்பு மேலே போயிருக்கிறது.

நேற்று ஹஸ்லான் வந்தான்,
மெமரி கார்டைத் திருப்பித் தரட்டாம்.
அதில் இன்னும் இடம் இருக்கிறதாம்.